பழைய ஜீப்பை ஹைவே ஓட்டத்துக்கு மாற்றுதல்: அறிகுறி பார்த்துக் குறை பிடிக்கும் வழிமுறை

இலங்கையில் இன்னும் ஓடும் பழைய நான்கு சில்லு இழுவை வண்டிகளில் அநேகமானவை, இங்கே அதிவேகப் பாதை என்று ஒன்று இல்லாத காலத்தில் வந்திறங்கியவை. கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில்தான் திறந்தது. கட்டுநாயக்கப் பாதை 2013இல். அதுவரைக்கும் ஒரு சீரீஸ் லேண்ட்ரோவருக்கோ வில்லிஸ் ஜீப்புக்கோ மணிக்கு 100 கி.மீ. ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தோட்டத்துப் பாதையில் மூட்டை ஏற்றி இழுத்தால் போதும். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்த வண்டிகளைத் தேடி வாங்கித் திருத்துபவர்கள் கூடிவிட்டார்கள். வாங்கிய கையோடு கராஜில் கேட்பதும் ஒன்றுதான்: “ஹைவேயில ஓடுற மாதிரி கியரை மாத்தித் தாங்க பாஸ்.”

மாற்றலாம். ஆனால் எந்த வேகத்துக்கு என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதிவேகப் பாதையில் உச்ச வேகம் 100. சாதாரணப் பாதையில் ஊருக்கு வெளியே சிறிய வாகனங்களுக்கு 70தான். யாழ்ப்பாணத்துக்கு ஏ9இல் போய் வருவதற்காக மட்டும் கியர் மாற்ற நினைப்பவர், வவுனியாவுக்கு அப்பால் பாதை எவ்வளவு நேராகக் கிடந்தாலும் 70க்குத்தான் கணக்குப் போட வேண்டும். 70க்குப் பெரும்பாலான பழைய ஜீப்புகள் இருக்கிறபடியே போதும். அதிவேகப் பாதையிலும் என்னுடைய இலக்கு 85 முதல் 90தான். ஏன் 100 இல்லை என்பதற்கான கணக்கு கீழே வருகிறது.

எதையும் கழற்ற முன்: இப்போது உள்ளே என்ன இருக்கிறது?

ஐம்பது வருடம் பல கைகள் மாறிய வண்டியில் கம்பனி போட்ட டிஃபரன்ஷல்தான் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். டிஃபரன்ஷல், சுருக்கமாக டிஃப், என்பது எக்ஸலின் நடுவில் இருந்துகொண்டு சுற்றைக் குறைத்து இரண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. இன்ஜின் ஜப்பான் டீசலாக மாறியிருக்கும், கியர்பொக்ஸ் வேறொன்றாக இருக்கும், டயர் இன்னொரு அளவாக இருக்கும். எண்ணிப் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகாது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லு இரண்டுக்கும் இருபுறமும் கட்டை போடுங்கள். பழைய லேண்ட்ரோவரில் ஹேண்ட்பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, எக்ஸலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டான புரொப் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணுவதற்கு ஹேண்ட்பிரேக்கை விடத்தான் வேண்டும். ஆகவே கட்டை இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பின்சில்லு ஒன்றை மட்டும் ஜெக்கில் தூக்கி, எக்ஸலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். டயரிலும் புரொப் ஷாஃப்டிலும் சோக்கால் கோடு போட்டு, தூக்கிய சில்லை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால், இரண்டு சுற்றுக்குத்தான் டிஃப் ஒரு சுற்றுப் போகும். அதற்குள் புரொப் ஷாஃப்ட் எத்தனை தரம் சுற்றியதோ அதுதான் உங்கள் விகிதம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைய வந்தால் லேண்ட்ரோவரின் 4.7. மூன்றரை வந்தால் யாரோ ஏற்கெனவே 3.54 போட்டுவிட்டார்கள். ஐந்தேகாலையும் தாண்டினால் அது பழைய சிவிலியன் வில்லிஸின் 5.38ஆக இருக்கலாம், யுத்தகால வில்லிஸில் இருந்தது 4.88. முன் எக்ஸலிலும் இதே மாதிரி எண்ணுங்கள். அங்கே ஃப்ரீவீல் ஹப் (சில்லை ஷாஃப்டிலிருந்து கழற்றிவிடும் பூட்டு) இருந்தால் இரண்டு பக்கமும் லொக் செய்துவிட்டு எண்ண வேண்டும்.

அடுத்தது டயர். பக்கத்தில் அச்சடித்த எண்ணை விட நிலத்தில் உருட்டி அளப்பது மேல். டயரில் ஒரு கோடு, நிலத்தில் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று தள்ளி, டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 6.00-16 டயர் ஏறக்குறைய 2.25 மீட்டர் வரும், 7.50-16 ஏறக்குறைய 2.45.

கணக்கு இதுதான். வேகத்தை 16.67ஆல் பெருக்கி, மொத்த விகிதத்தால் பெருக்கி, டயர் சுற்றளவால் பிரித்தால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். மொத்த விகிதம் என்பது கியர், ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ், டிஃப் மூன்றின் பெருக்கம். ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் என்பது கியர்பொக்ஸுக்குப் பின்னால் இருந்து இழுவையை முன் பின் எக்ஸல்களுக்கு அனுப்பும் பெட்டி; அதில் ஹை சாதாரண ஓட்டத்துக்கு, லோ மெதுவான கடும் இழுவைக்கு. எண் சிறுத்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். சந்தையில் “உயர்ந்த கியர்” என்று சொல்வது இந்தச் சிறிய எண்ணைத்தான்.

சீரீஸ் லேண்ட்ரோவரை எடுத்துக்கொள்வோம். நான்காம் கியர் 1, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் ஹை 1.148, டிஃப் 4.7. பெருக்கினால் 5.4. 2.25 மீட்டர் டயரோடு 100 கி.மீ. போனால் இன்ஜின் 4000 சுற்று. அந்த 2.25 லீற்றர் டீசல் தன் முழு 62 குதிரைவலுவைத் தருவதும் சரியாக அந்த 4000இல்தான். கட்டியவர்கள் கணக்குத் தெரியாமல் கட்டவில்லை. அந்தப் பெட்டியை அந்த வேகத்தில் தள்ள அந்த இன்ஜினுக்கு இருப்பதெல்லாம் வேண்டும்.

80ஐத் தாண்டினால் இன்ஜின் அலறுகிறது, வேகம் கூட மறுக்கிறது

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்குக்கும் டேக்கோமீட்டர் காட்டுவதற்கும் பொருந்துகிறதா? 80இல் 3200 வர வேண்டிய இடத்தில் 3700 காட்டினால் அது கியர் குறையில்லை, கிளச் வழுக்குகிறது. டொப் கியரில் 50இல் போய்க்கொண்டிருக்கும்போது எக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டுத்தான். கியர் விகிதத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

கணக்குப் பொருந்தினால் வழி மூன்று உண்டு.

முதலாவது, டிஃபை மாற்றுவது. சீரீஸ் லேண்ட்ரோவரின் 4.7க்குப் பதிலாக பழைய ரேஞ்ச் ரோவர், டிஃபென்டர், முதல் டிஸ்கவரி ஆகியவற்றிலிருந்த 3.54 டிஃப் முழு உருண்டையாகவே, அதாவது உறையோடு சேர்த்துக் கழற்றியபடியே, உள்ளே போய் உட்காரும். டிஃபிலிருந்து சில்லுக்குப் போகும் அரை ஷாஃப்டின் நுனிப் பற்கள் 10 உள்ளதைத்தான் தேட வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவற்றில் 24 பல், பொருந்தாது. புரொப் ஷாஃப்டைப் பூட்டும் ஃப்ளான்ஜின் ஓட்டைகளையும் வாங்க முன்னரே ஒத்துப் பாருங்கள். 109 அங்குல சீரீஸ் 3இல் பின்னால் இருப்பது சால்ஸ்பரி என்ற வேறு வகை எக்ஸல், அதில் இந்த மாற்று நடக்காது. 3.54 போட்டால் 100இல் 3000 சுற்று, 85இல் 2560.

இரண்டாவது, ஓவர்டிரைவ், அதாவது இருக்கிற கியரை இன்னும் உயர்த்தும் தனிப் பெட்டி. லேண்ட்ரோவருக்கு ஃபெயரி கம்பனி செய்தது ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்பக்க மூடியைக் கழற்றிய இடத்தில் பூட்டும். விகிதம் 0.78. தேவைப்படும்போது போடலாம், வேண்டாதபோது எடுக்கலாம். 100இல் 3130 சுற்று வரும். என் தெரிவு இதுதான். டிஃபை மாற்றினால் முதலாம் கியர், ரிவர்ஸ், லோ எல்லாமே சேர்ந்து மாறிவிடும். ஓவர்டிரைவ் அப்படியில்லை, கொழும்புக்குள் வண்டி பழையபடியே ஓடும். மூன்றாம் கியரில் போட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு கியர் கிடைக்கும். அவிசாவளைக்கு மேலே ஹட்டன் பாதையில் அதன் அருமை தெரியும். குறை என்னவென்றால் நல்லதாகக் கிடைப்பது அரிது. கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைப்பவற்றில் பாதி, யாரோ ஒயில் இல்லாமல் ஓட்டித் தேய்த்தவை. வாங்கும்போது ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ். டிஃபென்டரில் உள்ள எல்டி230 பொக்ஸின் ஹை 1.41. முதல் டிஸ்கவரியில் அதே பொக்ஸ் 1.22. மாற்றினால் ஒரே வேகத்தில் சுற்று 13 வீதத்துக்கு மேல் குறையும். லோ இரண்டிலும் 3.32தான், ஆகவே காட்டுப் பாதையில் எதையும் இழப்பதில்லை. டிஃபென்டர்காரருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

மற்ற வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. 40 சீரீஸ் லேண்ட் குரூசரில் 4.11 டிஃப், 3.70 கிடைத்தால் 10 வீதம் குறையும். ஐந்து கியர் பொக்ஸ் போட்டால் அதைவிடக் கூடக் குறையும், ஆனால் புரொப் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டிவரும். சின்னச் சுசுகி எஸ்ஜே410இல் ட்ரான்ஸ்ஃபர் 1.58, டிஃப் 4.11, பெருக்கினால் 6.5. அது 80இல் அழுவதில் என்ன புதுமை! அதன் தம்பி எஸ்ஜே413இல் 1.41ம் 3.73ம், மொத்தம் 5.3க்குள். அதன் டிஃபைப் போடப் பார்ப்பவர்கள் அரை ஷாஃப்டின் பல் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று முதலில் எண்ணட்டும்.

மாற்றிய பிறகு டொப் கியர் பிடிக்கவில்லை. சின்ன ஏற்றத்திலும் மூன்றுக்கு இறங்க வேண்டியிருக்கிறது

இது மாற்றியவர்களிடமிருந்து அதிகம் வரும் முறைப்பாடு. பார்த்தால் 3.54 டிஃபும் போட்டு, அதற்கு மேல் ஓவர்டிரைவும் போட்டிருப்பார்கள். கணக்கில் 100க்கு 2350 சுற்றுத்தான், கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தச் சுற்றில் பழைய டீசல் தருவது 45 குதிரைவலு அளவுக்குத்தான். நெற்றி நிமிர்ந்த ஒரு பெட்டியை 100இல் தள்ளக் காற்றே ஏறக்குறைய 30 குதிரைவலுவைத் தின்றுவிடும். டயர் உருளுவதற்கும் கியர்ப் பற்களுக்கும் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. எதிர்க்காற்று அடித்தால் வண்டி தானாகவே 85க்கு வந்து நிற்கும்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவைப்படும் வலு கன அளவில் ஏறும். 85க்குத் தேவையானதைப் போல 1.6 மடங்கு 100க்கு வேண்டும். கியரை மாற்றினால் சத்தம் குறையும், இன்ஜின் தேய்வு குறையும். வலு கூடாது. 85 என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். அந்த வேகத்தில் 2500, 2700 சுற்றுக்கு இன்ஜினை வைத்திருந்தால் ஒரு பாலத்து ஏற்றத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பிடிக்காத வண்டியை எக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துத் தள்ளிக்கொண்டே போனால் கறுப்புப் புகை வரும், ரேடியேட்டர் சூடேறும். சூட்டைக் கண்டு ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன், ஒரு கியர் இறக்கி அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முள் இறங்கினால் நோய் கியரில். இறங்காவிட்டால் ரேடியேட்டருக்குப் போகலாம். இரண்டையும் போட்டவர் எடுக்க வேண்டியது டிஃபைத்தான். 4.7ஐத் திரும்பப் போட்டு ஓவர்டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஃபைப் பழைய இரும்புக்குப் போடாமல் எண்ணெய் பூசி வைத்திருந்தவருக்கு அந்த நாளில் புத்திசாலி என்ற பெயர் கிடைக்கும்.

பெரிய டயர் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். 6.00-16இலிருந்து 7.50-16க்குப் போவதே 9 வீதம் கியரை உயர்த்தியதற்குச் சமம். அதற்கு மேல் 3.54 போட்டால் கூட்டல் எங்கே போகும் என்று மாற்ற முன்னரே பார்த்திருக்க வேண்டும்.

பொரளைச் சந்தியில் கிளச் மணக்கிறது

டிஃப் மாற்றிய வண்டி முதலாம் கியரிலும் மூன்றில் ஒரு பங்கு வேகமாகப் புறப்படும். காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு ஊர்ந்து போகும்போது கால் முழுநேரமும் கிளச்சில் பாதியிலேயே நிற்கும். வண்டி நடுங்கிப் புறப்படுவது, ரிவர்ஸில் ஏற்றமான கேட்டுக்குள் ஏற முடியாமல் திணறுவது, புதிய தட்டு ஒரு வருடத்தில் தேய்வது எல்லாம் இதே நோயின் முகங்கள். தட்டு மாற்றிப் பயனில்லை. வாரத்தில் ஐந்து நாள் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையே ஓடி, மாதத்தில் ஒருதரம் ஹைவே ஏறும் வண்டிக்கு டிஃப் மாற்றம் பொருந்தாது. அப்படிப்பட்டவருக்கு ஓவர்டிரைவ், அல்லது பேசாமல் 75இல் இடப்பக்கமாக ஓடுவது.

லோவிலும் இதே இழப்பு. சீரீஸ் 3இன் லோ முதலாம் கியரில் மொத்த விகிதம் 40.7. 3.54 போட்டால் 30.6. தோட்டத்து உருளைக்கல் பாதையில் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்க முடியாமல் பிரேக்கில் கால் வைக்க வேண்டிவரும்.

நாலு சில்லுக்குப் போட்டால் இறுகிப்போகிறது. லீவர் வெளியே வர மறுக்கிறது. டக் என்று உதைக்கிறது

இந்தக் குறைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பின் டிஃபை மாற்றிவிட்டு முன்னால் பழையதை விட்டது. “தம்பி, ரோட்டுக்குத்தானே ஓடப்போறீங்க, பின்னுக்கு மட்டும் மாத்தினாப் போதும்” என்று சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள். முன் டிஃபை எடுக்கச் சில்லு, ஹப், ஸ்டப் எக்ஸல் எல்லாம் கழற்ற வேண்டும், பின்னால் போல இலகு இல்லை. அந்த வேலைக்கு அலுத்துத்தான் அந்த ஆலோசனை வருகிறது.

முன்சில்லு ஒரு வேகத்திலும் பின்சில்லு அதைவிட 33 வீதம் கூடிய வேகத்திலும் சுற்றத் துடிக்க, இரண்டையும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் ஒன்றாகக் கட்டிப்பிடித்தால் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கும். தாரில் வழுக்காது, பல் உடையும் அல்லது அரை ஷாஃப்ட் முறியும். லேண்ட்ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹையில் நாலு சில்லு, சிவப்பு லீவரை இழுத்தால் லோவோடு நாலு சில்லும் தானாகவே சேர்ந்து வரும். பின்னால் மட்டும் மாற்றியவருக்கு லோ என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. அப்புறம் அது ஜீப்பா, ஜீப் போட்ட வேஷமா?

டிஃபென்டர் போன்ற எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. நேர்பாதையிலும், முன் பின் எக்ஸல்களுக்கு இடையே உள்ள நடு டிஃப் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்து எரிந்துவிடும்.

சோதனை இலகு: மேலே சொன்ன சோக் கோட்டு எண்ணலை இரண்டு எக்ஸலிலும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக வந்து அப்படியும் இறுகினால் முன்பின் டயர் அளவைப் பாருங்கள். தேய்ந்த டயர் முன்னாலும் புதியது பின்னாலும் இருந்தால் போதும். லீவர் இப்போது சிக்கிக் கிடக்கிறது என்றால் இழுத்து முறிக்க வேண்டாம். நேராகக் கொஞ்சத் தூரம் ரிவர்ஸில் போனால் இறுக்கம் கழன்று லீவர் தானாக வரும்.

டிஃப் மாற்றிய பிறகு ஊளைச் சத்தம்

முழு உருண்டையாகக் கழற்றி முழு உருண்டையாகப் போட்டிருந்தால் உள்ளே அளவுகள் குலைந்திருக்காது. முதலில் ஒயிலைப் பாருங்கள். ஈபி90 கியர் ஒயில் நிரப்புத் துளை மட்டத்துக்கு இருக்க வேண்டும். ஒயில் சரியாக இருந்தும் ஊளையிட்டால் அந்த டிஃப் முதல் வண்டியிலேயே தேய்ந்தது.

டிஃபுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலையும் அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரமான பினியனையும் மட்டும் வாங்கிப் பழைய உறைக்குள் போட்டிருந்தால் கதை வேறு. அவை இரண்டும் ஒன்றோடொன்று உரசிச் செய்யப்பட்ட சோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் வேறாக இருந்தால் எவ்வளவு சரிக்கட்டினாலும் சத்தம் போகாது, வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். சோடி சரியென்றால் எப்போது ஊளையிடுகிறது என்று கேளுங்கள். இழுக்கும்போது மட்டுமா, எக்ஸிலேட்டரை விடும்போது மட்டுமா, இரண்டிலுமா? விடும்போது மட்டும் என்றால் பினியன் பேரிங் இறுக்கத்திலிருந்து தொடங்குங்கள், நட் தளர்ந்திருக்கும். இழுக்கும்போது என்றால் பற்கள் சந்திக்கும் இடம் பிழை.

அதைக் கண்ணால் பார்க்கலாம். கிரவுன் வீலின் சில பற்களில் நீலச் சாயம் மெல்லிதாகப் பூசி, சுற்றுக்குக் கொஞ்சம் தடை கொடுத்துச் சுற்றுங்கள். சாயம் உரிந்த அடையாளம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். பல்லின் மேல் விளிம்பில் இருந்தால் பினியன் வெளியே நிற்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கூட்டி உள்ளே தள்ள வேண்டும். அடியில் இருந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டது. உட்பக்க நுனியில் இருந்தால் பற்களுக்கிடையிலான ஆட்டம் போதாது, வெளிப்பக்க நுனியில் இருந்தால் ஆட்டம் கூட. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் விரலால் ஆட்டிப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லும் கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உருண்டையாக வாங்குவது காசு கூடினாலும் இதனால்தான் இலாபம்.

சத்தம் வளைவில் மட்டும் மாறினால், இடப்பக்கம் திரும்பும்போது கூடி வலப்பக்கம் குறைந்தால், டிஃபை மறந்துவிட்டுச் சில்லு பேரிங்கைப் பாருங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம்

கியர் மாற்றம் இங்கே ஒரு சோதனைக் கருவியாகவும் உதவும். 3.54 போட்ட பிறகு அதே வேகத்தில் புரொப் ஷாஃப்ட் முன்பை விட மெதுவாகச் சுற்றுகிறது, டயர் அதே அளவுதான் சுற்றுகிறது. முன்பு 65இல் வந்த நடுக்கம் இப்போது 85க்கும் மேலே நகர்ந்திருந்தால் குற்றவாளி ஷாஃப்ட். 65இலேயே நின்றால் டயர், ரிம், பலன்ஸ்.

ஓவர்டிரைவ் போட்டவர்களுக்கு இன்னும் இலகு. நடுங்கும் வேகத்தில் ஓடிக்கொண்டே கிளச்சை மிதித்து ஓவர்டிரைவைப் போடுங்கள், வேகத்தை மாற்றாதீர்கள். ஷாஃப்டும் சில்லும் அதே சுற்றில் இருக்க, இன்ஜின் மட்டும் இறங்கும். நடுக்கம் போனால் அது இன்ஜின் மவுன்டிங் பக்கம். போகாவிட்டால் பின்னால் தேடுங்கள்.

ஷாஃப்டில் பார்க்க வேண்டியவை: நுனி மூட்டுகளில் உள்ள குரொஸ் இரண்டிலும் ஆட்டம், இரு நுனியின் கவைகளும் ஒரே கோட்டில் பூட்டப்பட்டிருக்கின்றனவா, வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் என்றால் பலன்ஸ் செய்யப்பட்டதா. ஸ்ப்ரிங்குக்கு மேலே கட்டை வைத்து வண்டியை உயர்த்தியவர்களுக்குக் கோணம் குலைந்து எந்தக் குரொஸ் போட்டாலும் நடுங்கும்.

ஸ்பீடோமீட்டர் 75 காட்டுகிறது, பக்கத்து வண்டிகள் பின்னுக்குப் போகின்றன

ஸ்பீடோ கேபிள் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் வெளியேறும் ஷாஃப்டிலிருந்து எடுக்கும் வண்டிகளில், அதற்குப் பின்னால் எதை மாற்றினாலும் முள் பொய் சொல்லும். 4.7இலிருந்து 3.54க்குப் போனால் உண்மையில் 100இல் ஓடும்போது முள் 75இல் நிற்கும். பொலிஸ் வேகக் கருவிக்கு முன்னால் அந்த முள்ளைச் சாட்சிக்கு அழைக்க ஏலாது. கேபிளுக்கு முன்னால் மாற்றினால், அதாவது ஓவர்டிரைவோ ட்ரான்ஸ்ஃபர் ஹையோ மாறினால், முள் பாதிக்கப்படாது. டயர் அளவு மாறினால் பாதிக்கப்படும்.

போனில் ஜிபிஎஸ் போட்டுப் பார்க்கலாம். அதுவும் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கிலோமீட்டர்க் கற்களுக்கு இடையே நேரம் எடுக்கட்டும்: ஒரு கிலோமீட்டருக்கு 36 செக்கன் என்றால் 100, 40 என்றால் 90, 45 என்றால் 80. ஸ்பீடோ திருத்துபவரிடம் கொடுத்து முகத்தை மீள அளவிடச் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டில் உண்மை வேகங்களை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

டீசல் செலவு குறையவே இல்லை

85இல் ஓடிய வண்டியை இப்போது 100இல் ஓட்டுகிறீர்கள். வேறு காரணம் தேட வேண்டாம்.

இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கவில்லை, பிரேக் மணக்கிறது

கியரை உயர்த்தினால் இன்ஜின் பிரேக்கிங் அதே அளவு குறையும். அதிவேகப் பாதையில் இது தெரியாது. கடுகண்ணாவையில் தெரியும், ரம்பொடையில் நன்றாகவே தெரியும். சீரீஸ் 3இல் மூன்றாம் கியர் 1.5. முன்பு மூன்றில் இறங்கும்போது மொத்த விகிதம் 8.1 இருந்தது, 3.54க்குப் பிறகு அதே மூன்றில் 6.1தான். ஆனால் இரண்டாம் கியரில் இப்போது 9 வருகிறது. ஆகவே முன்பு மூன்றில் இறங்கிய சரிவை இனி இரண்டில் இறங்குங்கள், அதுவும் சரிவு தொடங்கும் முன்னரே மாற்றிக்கொண்டு. ஓவர்டிரைவ் உள்ளவர்கள் மேட்டின் உச்சியிலேயே அதை எடுத்துவிட வேண்டும்.

ட்ரம் பிரேக் வண்டியின் வேகத்தை ஏற்ற முன் லைனிங், சில்லு சிலிண்டர், பிரேக் குழாய்கள் மூன்றையும் பார்த்திருக்க வேண்டும். ஸ்டியரிங் பந்து மூட்டுகளும் அப்படியே. டயரின் வயதையும் பக்கச்சுவரில் படித்துக்கொள்ளுங்கள்: கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பத்து வருட நைலோன் டயரில் 90 ஓடுவது வேண்டாம். கராஜில் டிஃபுக்குக் காசு கொடுத்துவிட்டு இவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவர்கள் நிறைய. வரிசையை மாற்றிப் போடுங்கள்.

ஓவர்டிரைவ் சீறுகிறது, அல்லது தானாகக் கழன்று விழுகிறது

ஃபெயரி ஓவர்டிரைவுக்குத் தனி ஒயில். ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸுக்கு ஊற்றினால் அதற்கும் போகும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் அது சாகிறது. கொள்ளளவு மிகச் சிறிது. ஒரு சீலில் கசிந்தாலே காய்ந்துவிடும். சீறல் தொடங்கிய அன்றே நிறுத்தி மட்டம் பாருங்கள். ஒயிலில் பித்தளைத் தூள் மின்னினால் இனி ஓட்டாமல் கழற்றுங்கள்.

கழன்று விழுவது வேறு. முதலில் லீவர் இணைப்புக் கம்பி முழுத் தூரம் போகிறதா, காபினின் தகடு இடையில் தடுக்கிறதா என்று பாருங்கள். புதிதாகத் தரை விரிப்புப் போட்ட வண்டிகளில் பாதிப்பேருக்கு அதுதான் காரணம். கம்பி சரியென்றால் உள்ளே கியரைச் சேர்க்கும் கூம்பு தேய்ந்திருக்கும். கிளச் மிதிக்காமல் போட்டு எடுத்துப் பழகிய வண்டி அது. திருத்த முன் விலையைக் கேட்டுவிட்டு, அதே காசுக்கு இன்னொன்று கிடைக்குமா என்று மாளிகாவத்தைப் பக்கமும் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.